டேப்பா, லேசரா, ஒலியா, கோணமா: தூரம் அளக்க எதை எடுப்பது?

தூரம் அளக்கும் கருவி என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை தூரத்தை அளப்பதே இல்லை. லேசர் மீட்டர் அளப்பது நேரத்தை. நில அளவையில் பயன்படும் தியோடலைட் அளப்பது கோணத்தை. கிணற்றுக்குள் இறக்கும் சென்சார் அளப்பது அழுத்தத்தை. அளவுச் சக்கரம் சுற்றுகளை எண்ணுகிறது, அவ்வளவுதான். கிடைத்த எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி மீட்டராக்கிக் காட்டுவது அதற்குப் பிறகு நடக்கிற வேலை. பிழை நுழைவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையில்தான். ஒலியின் வேகம் இவ்வளவு, சக்கரத்தின் சுற்றளவு இவ்வளவு, தண்ணீரின் அடர்த்தி இவ்வளவு என்று கருவி ஓர் எண்ணை நம்பிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் அது உண்மையாக இல்லாவிட்டால் திரையில் வரும் அளவும் உண்மையில்லை.

ஆகவே எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும். எவ்வளவு தூரம்? எவ்வளவு பிழை பொறுக்கும்? மறுமுனையைத் தொட முடியுமா? டப்பாவில் அச்சிட்டிருக்கும் துல்லியத்தைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

எஃகு டேப்

டேப் ஒன்றுதான் நீளத்தை நீளத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கிறது. அதனால் அது தவறாது என்று தோன்றும். 3 மீட்டருக்குள் அது ஏறக்குறைய சரி. நீளம் கூடக் கூட வெப்பம், ஈர்ப்பு, இழுவிசை மூன்றும் சேர்ந்து டேப்பை வேறொரு டேப்பாக மாற்றிவிடுகின்றன.

நல்ல டேப்பின் தொடக்கத்திலேயே ரோமன் எண்ணில் அதன் வகுப்பு அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாம் வகுப்பு என்றால் அனுமதிக்கப்பட்ட பிழை 0.3 மி.மீ., கூடவே மீட்டருக்கு 0.2 மி.மீ. அதாவது 5 மீட்டரில் 1.3 மி.மீ., 30 மீட்டரில் 6.3 மி.மீ. முதல் வகுப்பில் ஏறக்குறைய இதில் பாதி: 0.6, 3.1. வகுப்பே அச்சிடாத டேப்பால் அறையின் பரப்பை மதிப்பிடலாம். கதவுச் சட்டம் அறுக்க அதை நம்பக்கூடாது. வகுப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 20 டிகிரி செல்சியஸ் என்றும், நீண்ட டேப்பாக இருந்தால் 50 நியூட்டன் என்றும் இருக்கும். கண்ணில் படாமலே போகிற எண்கள் இவை. சொன்ன துல்லியம் அந்த வெப்பநிலையில், அந்த இழுப்பில், டேப் தரையில் படிந்து கிடக்கும்போது மட்டும்தான் கிடைக்கும்.

வெப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.0116 மி.மீ. நீளும். 30 மீட்டர் டேப் 40 டிகிரிக்குச் சூடானால் 7 மி.மீ. நீண்டுவிடும். நீண்ட டேப் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கோடுகள் விலகி நிற்பதால் அதே தூரத்துக்குள் குறைவான கோடுகளே அடங்கும். ஆகவே சூடான டேப்பின் வாசிப்போடு 7 மி.மீ. கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. கணக்கில் சேர்க்க வேண்டியது டேப்பின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை அல்ல. வெயிலில் கிடக்கும் எஃகு சுற்றியுள்ள காற்றைவிட வெகுவாகச் சூடாக இருக்கும்.

ஈர்ப்பு செய்வது இதைவிட மோசம். இரண்டு முனையிலும் பிடித்து அந்தரத்தில் இழுக்கும் டேப் எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. நடுவில் தொய்யும். வளைந்த டேப் நேர்கோட்டைவிட நீளமானது என்பதால் வாசிப்பு கூடும். 13 மி.மீ. அகலமும் 0.2 மி.மீ. தடிமனும் உள்ள எஃகு டேப் மீட்டருக்குச் சுமார் 20 கிராம் இருக்கும். 30 மீட்டரை 50 நியூட்டன் விசையில் இழுத்தால் தொய்வால் வரும் பிழை 18 மி.மீ. கை அசந்து 25 நியூட்டனுக்கு இறங்கினால் அதே பிழை 72 மி.மீ. ஆகும். இழுவிசை பாதியானால் தொய்வுப் பிழை நான்கு மடங்கு. 100 நியூட்டன் போட்டு இழுத்தால் 4.5 மி.மீட்டருக்கு இறங்கும், ஆனால் கூடுதல் இழுப்பில் எஃகே 3 மி.மீ. அளவுக்கு நீண்டு எதிர்ப்பக்கம் பிழை காட்டும்.

இதைவிட எளிய வழி இருக்கிறது. தொய்வுப் பிழை, தாங்கலில்லாத நீளத்தின் முப்படிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். 30 மீட்டரில் 10, 20 மீட்டர் புள்ளிகளில் இரண்டு தாங்கல் கொடுத்தாலே 18 மி.மீ. வெறும் 2 மி.மீ. ஆகிவிடும். தரையில் படுக்க வைத்து அளக்க முடிந்தால் இந்தக் கவலையே இல்லை. இழுப்பைச் சமமாக வைக்க முனையில் ஒரு வில் தராசு மாட்டிக்கொண்டால் போதும். அது 5 கிலோ காட்டும்போது 50 நியூட்டன்.

சரிவைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். 30 மீட்டரில் ஒரு முனை அரை மீட்டர் உயர்ந்திருந்தால் பிழை 4 மி.மீ. ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் 17 மி.மீ. உயர வேறுபாட்டின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் இது கிடைக்கும். சிறு சாய்வு மன்னிக்கும், பெரிய சாய்வு மன்னிக்காது.

டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுபவர்கள் உண்டு. அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கியின் தடிமன் அளவுக்கு வெளியே நகரும், சுவரில் முட்டும்போது அதே அளவு உள்ளே போகும். இரண்டு விதத்திலும் பூஜ்யம் சரியாக விழும். இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு விதத்தில் ஒரு மி.மீ. பிழை நிரந்தரம். கீழே விழுந்து கொக்கி வளைந்திருந்தால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளவைத் தொடங்கலாம். கடைசியில் அந்த 10-ஐக் கழிக்க மறப்பதுதான் அதில் வழக்கமாக நடக்கும் விபத்து.

கண்ணாடியிழை டேப் இலேசானது, துருப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது. மின்கம்பிகளுக்கு அருகில் எஃகு டேப்பை நீட்டவே கூடாது, அங்கே இதுதான். ஆனால் இழுத்தால் எஃகைவிட அதிகம் நீளும். நில எல்லையைக் குறிக்கும் வேலைக்கு அது போதாது.

லேசர் மீட்டர்

ஒளி வெற்றிடத்தில் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்லும். இது அளந்து கண்ட எண் என்பதைவிட, 1983 முதல் மீட்டரின் வரையறையே இதுதான்: ஒரு வினாடியை 29,97,92,458 பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் ஒரு மீட்டர். அந்த வகையில் லேசர் மீட்டர், வரையறைக்கு மிக அருகில் நிற்கும் கருவி.

சிக்கல் என்னவென்றால், ஒரு மி.மீ. தூரத்துக்குப் போய்வர ஒளிக்கு 6.7 பிக்கோ வினாடி போதும். ஒரு பிக்கோ வினாடி என்பது வினாடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. கையடக்கக் கருவி இதை நேரடியாக எண்ணுவதில்லை. லேசரின் பிரகாசத்தை வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை ஏற்றி இறக்கி அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறது. வினாடிக்கு 10 கோடி ஏற்ற இறக்கம் என்றால் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். போய்வரும் பாதை என்பதால் 1.5 மீட்டருக்கு ஒரு முறை அதே நிலை திரும்ப வரும். அந்த அலையை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்தறிந்தால் 1.5 மி.மீ. நுட்பம் கிடைத்துவிடும். ஆனால் 2 மீட்டரா 3.5 மீட்டரா 5 மீட்டரா என்று அதே அலைக்குத் தெரியாது. அதனால் வேறு அதிர்வெண்களிலும் அளந்து ஒப்பிடுகிறார்கள். நிமிட முள் மட்டும் பார்த்தால் மணி தெரியாது, இரண்டு முள்ளையும் பார்த்தால் தெரியும் என்பதைப் போல.

இப்படித்தான் கையடக்க லேசர் மீட்டர்களுக்கு 1.5 அல்லது 2 மி.மீ. பிழை எல்லை கிடைக்கிறது. டேப்போடு ஒப்பிட்டால் முக்கியமான வித்தியாசம், இந்தப் பிழை தூரத்தோடு பெரிதாக வளர்வதில்லை. 1 மீட்டரிலும் அதே 2 மி.மீ., 20 மீட்டரிலும் கிட்டத்தட்ட அதே. எனவே முடிவு நீளத்தைப் பொறுத்தது. 2 மீட்டருக்குள் டேப்பே நல்லது. 5 மீட்டரில் இரண்டும் சமம். 10 மீட்டரைத் தாண்டினால், அதுவும் தனியாள் வேலை என்றால், லேசரோடு டேப் போட்டியிடவே முடியாது. கூரையின் உயரம் பார்க்க ஏணி வேண்டாம் என்பது தனி இலாபம்.

ஒன்றை மட்டும் லேசர் செய்யாது. பலகையின் மேல் 734 மி.மீட்டரில் கோடு போட வேண்டுமென்றால் டேப்தான். இருக்கிற தூரத்தைச் சொல்வது வேறு, வேண்டிய தூரத்தைக் குறிப்பது வேறு.

லேசரில் தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இயற்பியலில் இல்லை, பொத்தானில் இருக்கின்றன. கருவி தன் பின்விளிம்பிலிருந்து அளக்கிறதா முன்விளிம்பிலிருந்தா என்று மாற்றும் வசதி பலவற்றில் உண்டு. திரையில் ஒரு சிறு அம்புக்குறி மட்டுமே அதைக் காட்டும். தெரியாமல் அது மாறியிருந்தால் கருவியின் நீளம் அளவுக்கு, சுமார் 10 முதல் 12 செ.மீ. வரை, ஒவ்வொரு அளவும் தப்பும். எல்லா அளவும் ஒரே அளவு தப்பினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது சாய்வு. எதிர்ச்சுவருக்குச் செங்குத்தாகப் போக வேண்டிய கதிர் 5 மீட்டரில் 20 செ.மீ. விலகிப் பட்டால் 4 மி.மீ. கூடும், கருவியின் சொந்தப் பிழையைப் போல இரு மடங்கு. தொடர்ச்சியாக அளக்கும் நிலையில் வைத்து, பின்விளிம்பை ஊன்றியபடி மெல்ல இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் அசைத்து, வரும் அளவுகளில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை அளக்கும்போது நேர்மாறு: மிகப் பெரியதை.

பின்பு இலக்கு. வெளிறிய, மங்கலான சுவர் சிறந்தது. கண்ணாடியில் கதிர் ஊடுருவிப் பின்னாலிருக்கும் பொருளைத் தொட்டுத் திரும்பலாம். பளபளப்பான உலோகத்தில் வேறு பக்கம் தெறித்துப் போகலாம். கறுப்புத் துணி ஒளியைத் திருப்பித் தராது, கருவி நெடுநேரம் யோசித்துப் பிழை காட்டும். கண்ணாடிமேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டினால் பிரச்சினை தீரும். வெயிலில் 60 மீட்டர் கருவி 15 மீட்டருக்கே திணறும். கதிர் பலவீனமாகிவிடுவதில்லை, சூரிய ஒளிக்குள் அதைப் பிரித்தெடுப்பதுதான் கடினமாகிறது. இலக்குத் தட்டு ஒன்றும் முக்காலியும் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். வகுப்பு 2 லேசர் ஒரு மில்லிவாட்டுக்கு மேல் போகாது, இமை தானாக மூடிக்கொள்வதே அதற்குப் பாதுகாப்பு. அதற்காகக் கதிரை உற்றுப் பார்ப்பது சரியல்ல.

பித்தகோரஸ் முறையில் உயரம் காணும் பொத்தானைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 10 மீட்டர் தள்ளி நின்று 3 மீட்டர் உயரத்தை இப்படிக் கணக்கிட்டால், சாய்கோட்டில் வரும் 2 மி.மீ. பிழை உயரத்தில் 7 மி.மீ. ஆகும். உயரம் 1 மீட்டர்தான் என்றால் 20 மி.மீ. சாய்கோட்டை உயரத்தால் வகுத்தால் வருவதுதான் பெருக்கும் மடங்கு. ஆகவே அருகில் நின்று அளக்க வேண்டும், கருவியை ஒரே புள்ளியில் ஊன்றித் திருப்ப வேண்டும். கையில் பிடித்தபடி செய்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ஒலியா, ஒளியா

சிறு ரோபோ, தண்ணீர்த் தொட்டி, தானியங்கிக் கதவு போன்றவற்றில் இந்தக் கேள்வி வரும். பரவலாகப் பயன்படும் எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சார், காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலியை 8 துடிப்புகளாக அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அதன் எல்லை. எதிரொலி வர 58 மைக்ரோ வினாடி ஆனால் 1 செ.மீ. என்று கணக்கு. நேரம் தாராளமாக இருப்பதால் மலிவான சில்லே போதும். ஒலியின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் என்பதன் பயன் இது.

கேடு காற்றில் இருக்கிறது. ஒலியின் வேகம் 0 டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரிக்கு எழுதிய நிரல் 35 டிகிரியில் ஓடினால் 2.6 சதவீதம் பிழை. 4 மீட்டரில் அது 10 செ.மீ. ஒளிக்கும் காற்றின் வெப்பநிலையால் பாதிப்பு உண்டு, ஆனால் ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கி.மீட்டருக்கு 1 மி.மீ. அறைக்குள் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மீயொலி சென்சாரோடு ஒரு வெப்பமானியையும் சேர்த்து, வேகத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் இந்தப் பிழையில் பெரும்பகுதி போய்விடும். செலவில்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமலே சென்சாரைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

மீயொலி 15 டிகிரிக் கூம்பாக விரியும். 3 மீட்டர் தொலைவில் அதன் அகலம் 80 செ.மீ. அந்தக் கூம்புக்குள் முதலில் எது எதிரொலிக்கிறதோ அதுவே விடையாகிவிடும். ஒடுங்கிய குழாய்க்குள் வைத்தால் பக்கச் சுவரே பதில் சொல்லும். சாய்ந்த தட்டில் ஒலி வேறு பக்கம் போய்விடும், திரைச்சீலையும் மெத்தையும் ஒலியை விழுங்கிவிடும். 2 செ.மீட்டருக்குள் இருப்பதை அது காணாது, ஏனெனில் அனுப்பிய அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடுகிறது. இரண்டு அளவுகளுக்கு இடையே 60 மில்லி வினாடி விட வேண்டும், இல்லாவிட்டால் பழைய எதிரொலி புதியதாகக் கணக்காகும். இந்த சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட் தரும். 3.3 வோல்ட் மின்னணுப் பலகையில் நேராக இணைத்தால் பலகையின் முனை பழுதாகலாம். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கண்ணாடிக் கதவையும் தெளிந்த தண்ணீரையும் கண்டறிய வேண்டுமென்றால் ஒலிதான், ஒளி ஏமாறும். வெயிலிலும் ஒலிக்குக் கவலையில்லை. மெல்லிய கம்பியை, சிறு பொருளை, சாய்ந்த பரப்பைக் காண வேண்டுமென்றால் ஒளி. காற்று வீசும் வெளியிடத்தில் ஒலியை நம்புவது வீண்.

கடையில் கவனிக்க ஒன்று: சிவப்புப் புள்ளி காட்டும் எல்லாக் கருவியும் லேசர் மீட்டர் அல்ல. மீயொலியால் அளந்துவிட்டு, எங்கே குறிவைக்கிறோம் என்று காட்டுவதற்கு மட்டும் லேசர் புள்ளி வைத்த கருவிகளும் உண்டு. முன்பக்கம் வலை போட்ட ஊதுகுழல் போன்ற வாய் இருந்தால் அது ஒலிக் கருவி. அறையின் நடுவே மேசை இருந்தால் சுவருக்குப் பதில் மேசையைச் சொல்லும்.

அளவுச் சக்கரம்

வளைந்த பாதைக்கு, கேபிள் போடும் நீளத்துக்கு, வேலி நீளத்துக்கு இதைவிட வேகமானது இல்லை. சுற்றளவு 1 மீட்டர் வருமாறு பெரும்பாலும் 318 மி.மீ. விட்டத்தில் செய்வார்கள். அந்த விட்டத்தில்தான் பலவீனமும் இருக்கிறது. டயரில் 1 மி.மீ. சேறு ஒட்டினால் சுற்றளவு 6.3 மி.மீ. கூடி, 100 மீட்டரை 63 செ.மீ. குறைத்துக் காட்டும். பள்ளமும் கல்லும் இருந்தால் சக்கரம் ஏறி இறங்கிக் கூட்டிக் காட்டும். ஈரப் புல்லில் உராய்வு போதாமல் வழுக்கிக் குறைக்கும். அளப்பதற்கு முன் டேப்பால் குறித்த 20 மீட்டரில் ஒருமுறை உருட்டிப் பார்த்து விகிதத்தைக் குறித்துக்கொண்டால் போதும், மீதியைப் பெருக்கலில் சரிசெய்யலாம்.

தொட முடியாத தூரம்

ஆற்றுக்கு அப்பால் நிற்கும் மரம், கோபுர உச்சி, நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவியல். தெரிந்த அடித்தளக் கோட்டின் இரு முனையிலிருந்தும் பார்த்துக் கோணம் எடுத்தால் தூரம் வந்துவிடும். கண்ணும் கட்டை விரலும் போதும் சிறு மதிப்பீட்டுக்கு: கையை நீட்டி ஒரு கண்ணை மூடி விரலால் பொருளை மறைத்து, கண்ணை மாற்றினால் விரல் பக்கவாட்டில் நகர்ந்ததாகத் தோன்றும். அங்கே எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று ஒரு வாகனத்தின் நீளத்தைக் கொண்டு மதிப்பிட்டு, 10-ஆல் பெருக்கினால் தூரம். கண்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் போலக் கை சுமார் 10 மடங்கு நீளம் என்பதே இதன் இரகசியம்.

கோண முறையின் இயல்பு, தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். 10 மீட்டர் அடித்தளக் கோடு, கோணத்தில் ஒரு நிமிடம் (ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) பிழை என்று வைத்துக்கொண்டால் 200 மீட்டர் தொலைவில் தூரப் பிழை 1.2 மீட்டர், 400 மீட்டரில் 4.7 மீட்டர். நல்ல தியோடலைட் வாங்குவதைவிட அடித்தளக் கோட்டை 40 மீட்டராக்குவது மலிவு, பிழை கால்பங்காகிவிடும். கிடைக்கும் முக்கோணம் ஒல்லியாக இருந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. 1838-இல் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனின் தூரத்தைக் கண்டதும் இதே வழியில்தான். அவருக்கு அடித்தளக் கோடு பூமியின் சுற்றுப்பாதை. அவர் அளந்த இடமாறு கோணம் 0.31 விகலை (ஒரு விகலை, டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு), இன்றைய மதிப்பு 0.29.

இதே வேலைக்கு லேசர் வருமா? ஒளியைத் துடிப்புகளாக அனுப்பும் லேசர் தூரமானிகள் பல நூறு மீட்டர் போகும், ஆனால் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை பிழை இருக்கும். தொட முடியாத ஒரு பொருளை 300 மீட்டரில் ஒரு மீட்டர் பிழையோடு அறிந்தால் போதுமென்றால் கோணக் கணக்கு எதற்கு? செ.மீ. வேண்டுமென்றால் ஒளியையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன்தான்.

கீழ்நோக்கி: கிணறும் தொட்டியும்

கல்லைப் போட்டு எண்ணுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. 9.8-ஐ நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆழம். 3 வினாடிக்கு 44 மீட்டர் வரும், ஆனால் அது தவறு. தண்ணீரில் விழுந்த ஓசை மேலே வர 0.12 வினாடி ஆகிறது, அதைக் கழித்தால் 40.7 மீட்டர். அதற்கு மேல் கையின் தாமதம் 0.2 வினாடி என்றால் 5 மீட்டர் அங்கே போயிற்று. ஆழம் கூடக் கூடக் கல் வேகமாகப் போவதால் ஒரே தாமதம் பெரிய பிழையாகிறது. காற்றுத் தடை வேறு. விளையாட்டுக்குச் சரி, மோட்டார் இறக்குவதற்கு முன் இதை நம்பக்கூடாது.

எடை கட்டிய டேப்பை இறக்குவதே ஒரு முறை அளவுக்குச் சிறந்தது. ஈர்ப்பு இங்கே பகை அல்ல, டேப்பைத் தானாகவே நேராக்குகிறது. டேப்பின் நுனியில் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்கினால் நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். லேசர் தெளிந்த தண்ணீரில் சரியாகத் திரும்பாது, ஒரு வெள்ளைத் தட்டை மிதக்கவிட்டால் வேலை செய்யும். மீயொலி அகலமான தொட்டிக்கு நல்லது, குறுகிய ஆழ்துளைக்கு ஆகாது.

நாள் முழுக்க மட்டத்தைக் கண்காணிக்க வேண்டுமென்றால் அழுத்த சென்சார். ஒரு மீட்டர் தண்ணீர் 9.8 கிலோபாஸ்கல் அழுத்தும். மேலே வளிமண்டல அழுத்தமும் சேர்ந்தே அழுத்துவதால், அது ஒரு ஹெக்டோபாஸ்கல் (0.1 கிலோபாஸ்கல்) மாறினால் மட்டம் 1 செ.மீ. மாறியதாகத் தெரியும். புயல் நாளில் தண்ணீர் ஏறியதுபோல, இறங்கியதுபோல எண்கள் ஆடுவது இதனால்தான். கேபிளுக்குள் மெல்லிய காற்றுக் குழாய் வைத்த வகையில் இது தானாகவே கழிந்துவிடும். அந்தக் குழாயில் ஈரம் புகுந்தால் எல்லாம் கெட்டது, மேல்முனையில் ஈரம் உறிஞ்சும் குப்பியை வைத்து அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். கடல்நீர் என்றால் அடர்த்தி 2.5 சதவீதம் கூடுதல், 10 மீட்டரை 10.25 என்று காட்டும்.

செயற்கைக்கோள்

ஜிபிஎஸ் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சமிக்ஞையின் நேரத்தைக் கொண்டு இயங்குகிறது. 10 நானோ வினாடி தப்பினால் 3 மீட்டர் தப்பும். சார்பியலால் அங்கிருக்கும் கடிகாரங்கள் பூமியில் உள்ளவற்றைவிட நாளுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும், அதைத் திருத்தாவிட்டால் பிழை நாளுக்குப் 10 கி.மீட்டருக்கு மேல் குவியும். திருத்தம் உள்ளேயே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. திறந்த வெளியில் கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். 3 கி.மீ. தூரத்துக்கு அது பெரிதில்லை, 20 மீட்டர் மனைக்கு அது பயனற்றது. நடந்த தூரத்தைக் கூட்டும்போது இன்னொரு வம்பு: நின்றுகொண்டிருந்தாலும் புள்ளிகள் அங்குமிங்கும் தாவுவதால் தூரம் ஏறிக்கொண்டே போகும். இடம் தெரிந்த புள்ளியில் நிற்கும் நிலையம் அனுப்பும் திருத்தங்களோடு இயங்கும் ஆர்.டி.கே. கருவிகள் 1 முதல் 2 செ.மீ. வரை போகும். ஆனால் மரத்தடியிலும் உயர்ந்த சுவர்களுக்கு நடுவிலும் அவற்றையும் நம்ப முடியாது.

வாங்கியபின் ஒரு சோதனை

புது லேசர் மீட்டருக்கு, அல்லது கீழே விழுந்த பழையதுக்கு, பத்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. நேர்கோட்டில் மூன்று புள்ளிகள் குறித்துக்கொள்ளுங்கள், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சுமார் 10 மீட்டர் இருக்கட்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று மூன்று அளவு எடுங்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் கிடைப்பது கருவியின் பூஜ்யப் பிழை. உண்மைத் தூரம் எதுவும் தெரியாமலே இது வந்துவிடுவதுதான் இதன் அழகு. ஒவ்வொன்றையும் ஐந்து முறை எடுத்துச் சராசரி போட்டும் 3 மி.மீட்டருக்கு மேல் வந்தால் கருவியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் விகிதப் பிழை, அதாவது ஒவ்வொரு மீட்டரையும் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ காட்டும் பிழை, இந்தச் சோதனையில் வெளிப்படாது. அதற்கு முதல் வகுப்பு எஃகு டேப்பை 20 டிகிரிக்கு அருகில் தரையில் படுக்க வைத்து, 50 நியூட்டன் இழுத்து, ஒரே நீளத்தை இரண்டாலும் அளந்து பார்க்க வேண்டும்.